வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம், தோழர்களே!

மறுபடியும் ஒரு மலக்குழி. மறுபடியும் ஒரு பிணவறை வாசல். நமக்கு முன்னால் காண்ட்ராக்டரின் ஆள் அங்கே வந்து நிற்கிறான். ஒரு கையில் கவர். இன்னொரு கையில் எதுவும் எழுதாத தாள். "காரியச் செலவுக்கு வெச்சுக்கோங்கம்மா. கேஸ் கீஸுன்னு அலைய வேணாம். இங்க ஒரு கையெழுத்து."

அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம்?

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1993இல் ஒன்று வந்தது. தூங்கவிட்டார்கள். 2013இல் இன்னொன்று வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ எவரையும் இறக்கக் கூடாது என்றது. மாநகராட்சி இறக்கக் கூடாது. காண்ட்ராக்டர் இறக்கக் கூடாது. வீட்டுக்காரரும் இறக்கக் கூடாது. மீறினால் முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம், தோழர்களே!

"அவசரம், அதனால் இறக்கினோம்" என்பார்கள். அவசரமானாலும் கருவியின்றி இறக்குவது குற்றமே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது.

30 லட்சம்! அந்தக் கவரில் எவ்வளவு இருந்தது?

எஃப்ஐஆரைப் படியுங்கள். "தவறி விழுந்து இறந்தார்" என்று எழுதுவார்கள். மூடியைத் திறந்து, கயிற்றைக் கட்டி, கூலி பேசி இறக்கிய ஆள் தவறி விழுந்தாராம்! விடாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போடச் சொல்லுங்கள். யாரைத் தேடிப் பிடித்து இறக்குகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். பட்டியல் சாதிக்காரரை இந்த வேலையில் இறக்குவது 2016 முதல் வன்கொடுமைக் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் போடச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் மறுத்தால் எஸ்பியிடம் போவோம். எஸ்பியும் மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் போவோம்.

மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். கலெக்டர்தான் அதற்குத் தலைவர். உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது? கேளுங்கள். எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டெல்லியில் தூய்மைப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையம் 1994 முதல் இருக்கிறது. பல்லில்லாத ஆணையம் என்று நாமே ஏளனம் பேசுகிறோம். பேசலாம், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு மனு அங்கே போக வேண்டும். அதன் நகல் கலெக்டர் மேசைக்குப் போக வேண்டும். மனு போகாத சாவு அவர்கள் கணக்கில் ஏறாத சாவு!

நம் மௌனம் அடுத்தவரைக் கொல்கிறது. குழிக்குள் நடப்பதைப் பாருங்கள். விஷவாயு கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். மிஞ்சிப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. முதல் ஆள் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இரண்டாவது ஆள் குதிப்பார். அண்ணனுக்காகத் தம்பி. மாமனுக்காக மருமகன். ஒரே குழியில் இரண்டு, மூன்று பிணங்கள். நம்மில் ஒருவர் விழுந்தால் சாகவும் துணிந்து குதிக்கிறோம். காவல் நிலையப் படி ஏற ஏன் கால் கூசுகிறது?

பயமா? எல்லோருக்கும் பயம்தான். வேலை போகும், வாடகை நிற்கும், ஸ்கூல் ஃபீஸ் நிற்கும். தனியாகக் கேட்டால் போகும். அதனால் தனியாகக் கேட்காதீர்கள்.

சேதி வந்தவுடன் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். கவருக்கு முன்னால் நாம் அங்கே நிற்க வேண்டும். செத்தவர் வீட்டு அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள். எஃப்ஐஆர் நகல் கைக்கு வரும்வரை நகராதீர்கள்.

நாளைக் காலை மேஸ்திரி கூப்பிடுவான். பத்துப் பேராகப் போங்கள். மெஷின் எங்கே என்று கேளுங்கள். முகக்கவசம் எங்கே, ஆக்சிஜன் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் பத்துப் பேரும் சேர்ந்து மூடியைத் தள்ளி மூடிவிட்டு, அதன் மேல் உட்காருங்கள்!