அநாதைப் பிரேதமும் மின்திரையும்

வைத்தியக் கல்வியில் ஒரு புதுமை புகுந்திருக்கிறது. உடற்கூறு பயிலும் மாணவன் கையில் கத்தி எடுப்பதற்கு முன்பே ஆளுயர மின்திரை ஒன்றின் முன் நிற்கிறான். திரையில் ஒரு மனித தேகம் கிடக்கிறது. விரலால் தொட்டால் தோல் அகலுகிறது. மறுபடியும் தொட்டால் தசை அகலுகிறது. அதனடியில் நரம்பும் இரத்தக் குழாயும் எலும்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. இருதயத்தைத் தனியே எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்; குறுக்கே அறுத்து அதன் அறைகளை நோக்கலாம். தவறாக அறுத்துவிட்டாலும் குற்றமில்லை. அறுபட்ட பாகத்தை மறுகணமே முன்போல் ஒட்டவைத்து விடலாம். உண்மைப் பிரேதத்திலோ ஒரு முறை அறுத்த நரம்பு அறுத்ததுதான்.

இதைக் கண்டு இரு சாரார் இரு விதமாகப் பேசுகின்றனர். இனிப் பிரேதமே வேண்டாம் என்கின்றனர் ஒரு சாரார். இது வெறும் பொம்மை விளையாட்டு என்கின்றனர் மற்றொரு சாரார். இரண்டும் பிசகு என்பது நமது அபிப்பிராயம். அது ஒருபுறமிருக்க, இவ்விவாதத்தில் எவரும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு. மேஜைமீது கிடக்கும் பிரேதம் யாருடையது? திரையில் தெரியும் தேகந்தான் யாருடையது?

சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1752-ம் வருஷத்துச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடல்களை வைத்தியர் அறுப்பதற்கு அளித்தது. அறுபடுவது தண்டனையில் ஒரு பகுதியாயிற்று. மாணவர் பெருகவே தூக்கு மேடை போதவில்லை. புதைகுழிகளைத் தோண்டிப் பிணம் விற்கும் தொழில் வளர்ந்தது. 1828-ல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இரண்டு பாதகர்கள், தோண்டும் சிரமமும் எதற்கு என்று 16 பேரைக் கொன்றே விற்றனர். ஊர் கொதித்தெழுந்தது. 1832-ல் பார்லிமெண்ட் புதுச் சட்டம் செய்தது. பிணத் திருட்டு ஒழிந்தது உண்மையே. ஆனால் எப்படி ஒழிந்தது? ஏழை விடுதிகளில் இறந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களைக் கலாசாலைகளுக்கு ஒப்புவிக்கலாம் என்று சட்டம் வழி செய்தது. கொலைகாரனுக்கு விதித்திருந்த தண்டனை, ஒரு பாவமும் அறியாத ஏழையின் தலைமேல் ஏறியது. ஏழ்மையே குற்றமாயிற்று!

நம் தேசத்திலும் இதே வழக்கம் வேரூன்றியது. 1836-ல் கல்கத்தா வைத்தியக் கலாசாலையில் மதுசூதன குப்தர் ஜாதிக் கட்டுப்பாட்டைப் பொருட்படுத்தாமல் பிரேதத்தில் கத்தி வைத்தார். அந்தத் தைரியத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் அறுப்பவனுக்குத் தைரியம் வேண்டும் என்று கண்ட நாம், அறுபடுபவனுக்குச் சம்மதம் வேண்டும் என்பதைக் காணவில்லை. சுதந்திரம் வந்த பிறகு 1949-ல் இயற்றப்பட்ட பம்பாய் உடற்கூறுச் சட்டமும், உரிமை கோருவாரற்ற உடல்களைக் கலாசாலைகளுக்கு வழங்கவே வழி செய்தது. ரயிலடியில் விழுந்தவன், நடைபாதையில் மாண்டவன், தர்ம ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லாமல் கண்மூடியவன் ஆகிய இவர்களின் தேகங்களைக் கொண்டுதான் நம் வைத்தியர்கள் பாடம் கற்றனர். உயிரோடிருந்தபோது அவர்களை யாரும் ஏனென்று கேட்கவில்லை. இறந்த பின்னும் அவர்கள் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை.

மின்திரை இந்தக் களங்கத்திலிருந்து நீங்கியதா? அதுவும் இல்லை. திரையிலுள்ள தேகம் சித்திரக்காரனின் கற்பனையன்று. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துச் சிறையில் ஜோசப் பால் ஜெர்னிகன் என்னும் கைதி, தன் உடலை விஞ்ஞானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 1993-ல் மரண தண்டனைக்குள்ளானான். கொலராடோ சர்வகலாசாலையில் அவ்வுடலை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒன்றாகச் சீவிச் சீவி, 1,800-க்கு மேற்பட்ட படங்களாக்கினர். அமெரிக்க தேசிய மருத்துவ நூல்நிலையம் 1994-ல் அப்படங்களை உலகத்துக்கு வெளியிட்டது. மறு வருஷம் மாரிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் தேகமும் அவ்வாறே வெளியாயிற்று. வி.எச். டிசெக்டர் முதலிய டிஜிட்டல் கருவிகள் இத்தேகங்களிலிருந்தே பிறந்தன. சாவை எதிர்நோக்கிச் சிறையில் கிடக்கும் ஒருவனது கையெழுத்து எவ்வளவு தூரம் சுயேச்சையானது? தூக்கு மேடையிலிருந்து பிணம் வாங்கிய பழைய வழக்கம், புதிய உடுப்பில் வந்ததென்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் அதே கொலராடோவில் நற்செய்தி ஒன்றும் உண்டு. சூசன் பாட்டர் என்னும் மூதாட்டி 2000-ம் வருஷத்தில் அப்பணியை நடத்திய பேராசிரியர் விக்டர் ஸ்பிட்ஸரை அணுகி, தமது உடலைத் தாமே கொடுக்க முன்வந்தார். தம்மை எங்கே வைப்பார்கள், எந்த யந்திரத்தால் அறுப்பார்கள் என்று கேட்டு நேரில் பார்த்தார். பிறகு 15 வருஷம் உயிரோடிருந்து, வைத்திய மாணவர்களுடன் பழகினார். 2015-ல் தமது 87-ம் வயதில் காலமானார். அவர் தேகம் 27,000 மெல்லிய தகடுகளாகச் சீவப்பட்டுப் படமாயிற்று. கைதியின் கையெழுத்து எங்கே, எல்லாவற்றையும் கண்டறிந்து மனமுவந்து அளித்த இந்தத் தானம் எங்கே! நாம் செல்ல வேண்டிய வழி இதுவே.

திரையே போதும் என்று நாம் சொல்லவில்லை. நரம்பு எப்படியிருக்கும், இரத்தக் குழாய் எப்படியிருக்கும் என்பதை விரல் நுனி அறிய வேண்டும். கண்ணாடிப் பரப்பைத் தொட்டு அதை அறிய முடியாது. ஒருவருடைய சிறுநீரகத்துக்கு ஒரே தமனி செல்லும். மற்றொருவருக்கு இரண்டு செல்லும். ஒருவருடைய குடல்வால் பெருங்குடலின் பின்னே மறைந்திருக்கும்; மற்றொருவருக்கு இடுப்புக் குழியில் தொங்கும். ஒரே தேகத்தை ஆயிரம் முறை பார்த்தவன் இந்தப் பேதங்களை எங்கே காண்பான்? பிரேதம் வாங்கிப் பாதுகாக்கும் செலவை மிச்சம் பிடிப்பதற்காகத் திரையை மாட்டிவிட்டு, அறுவை மண்டபத்தைப் பூட்டும் கலாசாலைகள் தோன்றுமானால், அவற்றிலிருந்து வெளிவரும் வைத்தியரின் கத்திக்கு நாமே முதல் பாடமாவோம். ஜாக்கிரதை!

ஆனால் ஒன்று நிச்சயம். பெயர், இடம், அமைப்பு, தொடர்பு ஆகிய ஆரம்ப பாடங்களைத் திரை கற்பிக்கும். அழுகாமல், தேயாமல், எத்தனை ஆயிரம் பேருக்கும் கற்பிக்கும். மாணவன் தயாராகிப் பிரேதத்திடம் வருவான்; முன்போல் அத்தனை பிரேதங்கள் தேவைப்படா. இந்த லாபம் யாருக்குச் சேர வேண்டும்? கலாசாலை முதலாளியின் பணப்பெட்டிக்கா? அன்று. அந்த அநாதைப் பிணத்துக்கே சேர வேண்டும். சம்மதமில்லாத எந்த உடலும் இனி மேஜைமீது ஏறலாகாது. அதற்குரிய ஈமக்கடனைச் சர்க்கார் செய்து மரியாதையுடன் அடக்கம் செய்ய வேண்டும். கல்விக்கு வேண்டிய தேகங்கள் தானமாகவே வரவேண்டும்.

அவ்வளவு தானத்துக்கு எங்கே போவது என்று கேட்பர். நியாயமான கேள்வியே. நேயர்களே, அதற்கு விடை நம்மிடம் இருக்கிறது. ஜோதி பாசுவின் உடல் 2010-லும், சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-லும் வைத்திய மாணவர்களுக்கு அளிக்கப்பட்டன. அவர்கள் கொள்கை நமக்கு உடன்பாடாகலாம், ஆகாமலும் போகலாம். இச்செய்கையை மறுப்பார் யார்? உறுப்புத் தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழக சர்க்கார் 2023-ல் அறிவித்தது. முழு உடலையும் தருவோருக்கு அம்மரியாதை இரட்டிப்பாக உரியது.

மேடையேறி ஏழைகளுக்காக உடல் பொருள் ஆவி மூன்றையும் தருவதாகச் சொல்லும் தொண்டர்கள் நம்மிடையே பலர். பொருளையும் ஆவியையும் நாம் இப்போது கேட்கவில்லை. உயிர் போன பிறகு உடலை மட்டும் கேட்கிறோம். நாம் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டால், பெயரற்ற ஏழை ஒருவன் மேஜையிலிருந்து இறங்கி மண்ணில் அமைதி பெறுவான்.