அளவெடுத்த அங்கி



மார்கழிப் பனி இறங்கும் இந்நாட்களில், கூடுவாஞ்சேரியைச் சுற்றி எழும்பிவரும் அடுக்குமாடிக் கட்டடங்களின் அருகே, தகரக் கொட்டகைகளில் வேலையாட்களின் பிள்ளைகள் விடியற்காலையில் நடுங்குகிறார்கள். சென்ற ஆண்டு அவர்களுக்காக நம் சபையார் பழைய துணிகளைச் சேகரித்தோம். நானும் பரணில் கிடந்த ஒரு ஸ்வெட்டரை மூட்டையில் போட்டேன். என் தாயார் கையால் பின்னியது, முழங்கைகள் இற்றுப்போயிருந்தன. எனக்கு உதவாததை ஈந்துவிட்டு, தர்மம் செய்த மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

துணிகளைப் பிரித்து அடுக்கிய மூதாட்டி ஒருவர் அதைத் தனியே எடுத்துவைத்தார். "ஐயா, இதை இப்படியே கொடுத்தால் எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும்?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அவர் ஸ்வெட்டரை உட்புறம் திருப்பி இணைப்புகளைப் பார்த்தார். இயந்திரப் பின்னலைத் துணியாக வெட்டி ஓவர்லாக் தைத்த ஆடையைப் பிரித்தால் துண்டு நூலே மிஞ்சும். பழைய கைப்பின்னலிலோ முன்புறம், பின்புறம், கைகள் எல்லாம் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் அந்தந்த வடிவிலேயே பின்னப்படுகின்றன. இணைப்பை அவிழ்த்து, பின்னி முடித்த நுனியிலிருந்து இழுத்தால் நூல் தொடர்ந்து வரும். இற்ற பகுதியை மட்டும் அவர் நீக்கினார். எஞ்சியதைச் சிட்டமாகச் சுற்றி, நீரில் நனைத்து, தொங்கவிட்டு உலர்த்தினார். நூலின் சுருள் நீங்கியது.

பின்பு கொட்டகைக்குச் சென்று ஒரு சிறுமியின் பெயரைக் கேட்டார். மார்பையும் கைநீளத்தையும் அளந்தார். சிறு மாதிரி ஒன்றைப் பின்னி, அங்குலத்திற்கு எத்தனை கண்ணி என்று எண்ணிய பின்னரே வேலையைத் தொடங்கினார். கைகளைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னினார். பிள்ளை வளர்ந்தால் நுனியைப் பிரித்து நீட்டலாம் அல்லவா?

அன்னாள் ஆண்டுக்கொருமுறை சாமுவேலுக்குச் சின்னச் சட்டை கொண்டுசென்றதை வேதத்தில் வாசிக்கிறோம் (1 சாமுவேல் 2:19). மகன் ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று எண்ணாமல் அவள் அதைச் செய்திருக்க முடியாது. யோப்பாவின் விதவைகளும் தொற்காள் தங்களோடிருந்தபோது செய்த ஆடைகளையே பேதுருவுக்குக் காண்பித்து அழுதார்கள் (அப்போஸ்தலர் 9:39). அவள் அவர்களோடு இருந்தாள், அதுவே முக்கியம்.

"ஒன்றைப் பின்ன வாரங்கள் ஆகுமே, பிள்ளைகளோ பலர்" என்பீர்கள். உண்மைதான். எல்லாரும் பின்ன வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடையில் வாங்கினாலும் அளவறிந்து வாங்குங்கள் என்கிறேன். மூட்டை கட்டுமுன் ஒருமுறை கொட்டகைக்குச் செல்லுங்கள். பெயரைக் கேளுங்கள். அளவறியாமல் கொடுப்பது பலவேளைகளில் நம் பரணைச் சுத்தம் செய்வதாகவே முடிகிறது. நான் செய்தது அதுதான்.

இவ்வாண்டு ஒரு பிள்ளையின் அளவையாவது அறிந்து கொடுக்கும் கிருபையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.