பாலத்தின் நாடி

மண்பானை வாங்கச் செல்லும் நம் பாட்டிமார் அதைத் தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. கணீரென்றால் நல்ல பானை. ஓசை மழுங்கினால், கண்ணுக்குப் புலப்படாத கீறல் எங்கோ உண்டு. நீண்ட பாலங்களைப் பொறியியலாளர் சோதிப்பதும் ஏறக்குறைய இம்முறையாலேதான் என்றால் வாசகர் வியக்கக்கூடும்.

திம்புள்ளத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாம்பன் பாலம் புதிய பெயரன்று. 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்புகையிரதப் பாலத்தைக் கடந்தே நம் முன்னோர் பலர் தனுஷ்கோடி சென்று, தலைமன்னாருக்குக் கப்பலேறினர். உப்புக்காற்று ஓயாது அரித்த அவ்விரும்புப் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யினர் உணர்கருவிகளைப் பொருத்தியிருந்தனர். கப்பலுக்கு வழிவிடத் தூக்கப்படும் பகுதியில் அதிர்வு மிகுந்ததென 2022 டிசம்பரில் அவை எச்சரித்தன. புகையிரதம் நிறுத்தப்பட்டது, பின்னர் அப்பாலத்தில் ஓடவேயில்லை. அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

இரும்பின் துருவையாவது கண்ணாற் காணலாம். கொங்கிறீற்றோ தன் நோயை மறைக்கும். பாம்பனிலேயே 1988 முதல் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளும் றோட்டுப் பாலம் அவ்வகையினது. உப்பு மெல்லக் கசிந்து உள்ளிருக்கும் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறக்கப்பட்ட பாலத்தின் இரும்பு வடங்கள் கொங்கிறீற்றுக்குள் மூடப்பட்டிருந்தன. பழுதுபார்க்கத் திட்டமும் வகுத்திருந்தார்கள். வேலை தொடங்குமுன், 2018 ஆகஸ்ட் 14ஆம் நாள், பாலம் இடிந்து 43 பேர் மாண்டனர்.

ஆகவேதான் அதிர்வைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு பாலமும் வினாடிக்கு இத்தனை முறையெனத் தனக்குரிய கதியில் அதிரும்; விறைப்புக் குறைந்தால் அக்கதியும் குறையும். கேட்க எளிது! வெயிலும் குளிரும் அதே எண்ணை மாற்றிவிடுவதே தொல்லை. சுவிற்சர்லாந்தில் இடிக்கவிருந்த ‘இசட் 24’ என்ற கொங்கிறீற்றுப் பாலத்தை 1998 வரை ஏறக்குறைய ஓராண்டு அளந்தனர். உறைபனியில் மேற்பரப்புத் தார் இறுகியதும் அதிர்வு கூடிற்று. பின்னர் வேண்டுமென்றே அப்பாலத்தைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்தி, நோய் எது, பருவத்தின் விளையாட்டு எது என்று ஒப்பிட்டார்கள். விடியற் பனியையும் நண்பகல் வெயிலையும் ஒரே நாளிற் காணும் மலைநாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் தோட்டத்துச் சிறு பாலங்களைத் தேடி இத்தகைய கருவிகள் விரைவில் வரப்போவதில்லை. பள்ளி செல்லும் மாணவர், கரையில் நின்றபடி, பாலத்தின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்க்கட்டும். பழுப்புக் கறை வழிந்திருந்தாலோ, உரிந்த கொங்கிறீற்றினூடே கம்பி தெரிந்தாலோ, அன்றே ஆசிரியரிடம் சொல்லட்டும்.