அன்பை விசாரிக்க வேண்டும்

"எது சரி என்று தெரியாதபோது அன்பைக் கேளுங்கள், அது பிழையான வழியைக் காட்டாது" என்னும் கூற்றைக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். 1966இல் சூழ்நிலை அறவியலைப் பற்றி நூலெழுதிய ஜோசப் ஃபிளெட்சரைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. அவருக்கு அன்பு ஒன்றே விலக்கில்லாத நெறி. மற்ற விதிகள் யாவும் அதற்குப் பணிய வேண்டியவை. இதை நான் மறுக்கிறேன். போலி அன்பைச் சுட்டிக்காட்டி மறுப்பது எளிது. மெய்யான அன்பே பிழைபடுகிறது என்பதுதான் என் வாதம்.

ஹாதியா வழக்கை எடுத்துக்கொள்வோம். ஹோமியோபதி மருத்துவம் பயின்ற 24 வயதுப் பெண். இஸ்லாத்தைத் தழுவினார், தாம் தேர்ந்தவரை மணந்தார். 2017 மே 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் அத்திருமணத்தைச் செல்லாதென அறிவித்து, அவரைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. திருமணம் போன்ற பெருமுடிவைப் பெற்றோரின் பங்கேற்புடனேயே ஒரு பெண் எடுக்க இயலும் என்பது அத்தீர்ப்பின் நோக்கு. தொடர்ந்து பல மாதங்கள் அவர் காவலுக்குட்பட்ட வீட்டில் இருந்தார். தந்தையின் அன்பு பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். அதை முழுமையாகவே ஒப்புக்கொள்கிறேன். அந்த அன்புதான் மகளின் சொல்லைக் கேட்கவிடாமல் செய்தது. உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் அவரை நேரில் கேட்டது. படிப்பை முடிக்கச் சேலத்துக்கு அனுப்பியது. 2018 மார்ச் 8 அன்று திருமணம் செல்லும் என்றது. பின்னர் வந்த விரிவான தீர்ப்பு, தந்தையின் அன்போ கவலையோ வயதுவந்த ஒருவரின் தேர்வுரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்று தெளிவுபடுத்தியது. அன்பு இருந்ததா இல்லையா என்பதை அந்நீதிமன்றம் அளவுகோலாகக் கொள்ளவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

"அது மெய்யன்பு அன்று, மெய்யன்பு பிறர் விடுதலையை மதிக்கும்" என்று உடனே பதில் வரும். வரட்டும். மதிக்கிறதா என்று பார்த்துத்தான் மெய்யன்பைக் கண்டறிகிறோம் என்றால், முடிவைச் சொல்வது விடுதலை என்னும் அளவுகோல்தானே? அன்பு அங்கே வெறும் பெயர்ப்பலகை.

நம் மரபு இதை அறியாததன்று. அன்புடைமை அதிகாரத்தின் 76ஆம் குறள், அறத்திற்கு மட்டுமே அன்பு துணை என்போரை அறியாதவர் என்கிறது; மறத்திற்கும் அதுவே துணையாம். பரிமேலழகர் இங்கே சற்று வளைந்து, மறத்தை நீக்குவதற்குத் துணை என்று உரைகண்டார். இலக்கணம் அவரைக் கைவிடவில்லை. 'குழந்தைக்கு உணவு', 'பசிக்கு உணவு' என்னும் தொடர்களில் உருபு ஒன்றே. முன்னது வளர்க்க, பின்னது போக்க. தொல்காப்பியமும் நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் நட்பையும் பகையையும், ஏன், காதலையும்கூட ஒருசேர வைக்கிறது. ஆயினும் ஒரே குறளுக்குள் அடுத்தடுத்து வரும் ஒரே உருபை முதலில் நட்பாகவும் பிறகு பகையாகவும் படிக்க, அன்பைக் காப்பாற்றும் அவசரத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. நேர்ப்பொருளே வலியது: அறம் செய்யத் தூண்டும் அதே அன்பு கொடுமைக்கும் தோள் கொடுக்கும்.

அன்பால் பயனே இல்லையா? உண்டு. யாருடைய துன்பம் என் கணக்கில் சேர வேண்டும் என்பதை அது காட்டுகிறது. அன்பற்றவன் கண்ணில் அத்துன்பம் படுவதே இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதை அன்புக்கு உரியவரிடம்தான் கேட்டாக வேண்டும். அவருக்குப் பதிலாக என் அன்பு பேச முடியாது.

இவ்விவாதம் நம் வளாகங்களுக்குப் புறம்பானதும் அன்று. நெறியாளரை நாம் 'கைடு' என்றே அழைக்கிறோம். அவர்களுள் சிலர் "நீ என் பிள்ளை மாதிரி" என்னும்போது அதில் உண்மையான வாஞ்சை இருக்கலாம். அந்த வாஞ்சையின் பெயரால்தான் விடைத்தாள் கட்டுகள் நம் மேசைக்கு வருகின்றன. வார இறுதிகள் காணாமற்போகின்றன. கட்டுரையில் ஆசிரியர் பெயர்வரிசை மாறுகிறது. பெயர்வரிசை ஏன் மாறியது என்று கேட்கும் மாணவருக்கு "நாமெல்லாம் ஒரே குடும்பம் அல்லவா" என்பது விடையாகாது. அவர் கேட்டது உறவை அன்று, வரிசையை.