மணற்குன்றும் ஏக்கர்க் கணக்கும்

அமெரிக்காவின் நெபிராஸ்கா மாகாணத்தில் செர்ரி என்றொரு ஜில்லா உண்டு. பரப்பு சுமார் 6,000 சதுர மைல். 2020-ஆம் ஆண்டு ஜனக்கணிதப்படி மக்களோ 5,500 பேருக்கும் குறைவு. அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் வாலன்டைன் என்னும் ஒரே ஊரில் வசிப்பவர்கள். எஞ்சியவை மணற்குன்றுகள், அவற்றைப் போர்த்திய புல், மாடுகள்.

அந்தச் சீமையின் கதையில் கூட்டுறவாளராகிய நமக்கும் ஒரு பாடம் இருப்பதாக எண்ணுகிறோம்.

1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வழங்கியது. மழை வளமுள்ள கிழக்கே அது நல்ல பண்ணை. மணற்குன்றிலோ சில மாடுகளுக்கே மேய்ச்சல். நஞ்சைக்கும் புஞ்சைக்கும் ஒரே அளவுகோல்! எனவே பெரும் பண்ணையாளர்கள் சர்க்கார் நிலத்தையே வேலியிட்டு அனுபவித்தனர். அதை மாற்றவென்று 1904-இல் கின்கெய்டு என்பாரின் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு 640 ஏக்கர். நோக்கம் நல்லதே. ஏழைகள் வந்தனர், 1907 முதல் டிவிட்டி என்ற இடத்தில் கறுப்பினக் குடும்பங்களும் குடியேறின. பலர் புல்லைக் கிழித்து உழுதனர். வேர் அறுந்த இடத்தில் காற்று மணலை வாரிக் குழி பறித்தது. மேய்ச்சலுக்கு 640 ஏக்கரும் போதவில்லை. விற்றுவிட்டுப் பலர் வெளியேறினர். நிலம் மீண்டும் பெரியவர் கைக்கே போயிற்று. டிவிட்டியும் கலைந்தது.

சோம்பலால் தோற்றார்கள் என்று கூறுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. தனித்தனிச் சதுரங்களாக நிலத்தை வெட்டிக் கொடுத்த சட்டம், சேர்ந்து மேய்க்க வழி சொல்லவே இல்லை. அது இயலாத காரியமுமன்று. மான்டானா மாகாணத்தில் மிஸ்பா, பம்ப்கின் ஓடைகளை ஒட்டிச் சிதறிக்கிடந்த சர்க்கார், ரயில்வே, தனியார் நிலங்கள் 1928-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்த மேய்ச்சல் உள்ளூர்ப் பண்ணையாளர் சங்கத்தின் பொறுப்பில் விடப்பட்டது. 1934-ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டத்துக்கு அதுவே முன்மாதிரி. ஆனால் செர்ரி ஜில்லாவின் ஏழைகளுக்கு அது காலங்கடந்த மருந்து.

இன்றும் அங்கே கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில் அயல் பண்ணையார்கள் கூலி பெறாமல் கூடி உழைக்கின்றனர், விருந்துண்டு கலைகின்றனர். அந்த ஒருநாள் ஒற்றுமையை வேலிக்கும் கிணற்றுக்கும் புல்லுக்கும் நீட்டச் சட்டம் அன்றே இடமளித்திருந்தால், கைவிடப்பட்ட குடிசைகள் சிலவற்றிலாவது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்பது நமது அபிப்பிராயம். மாறுபட்டுக் கருதும் அங்கத்தினர்கள் எழுதலாம், வெளியிடுவோம்.