பத்தியம் வேண்டாம், முட்டை கொடுங்கள்

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பெயிண்ட் அடிக்கும் இடத்தில் தின்னர் பற்றிக்கொண்டதில் மார்பும் கைகளும் வெந்துபோய், சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஒன்றரை மாதம் கிடந்தான். பார்க்கப் போன நான் இரண்டு தவறு செய்தேன். 'எதிர்ப்பு சக்தி' என்று அச்சடித்த பவுடர் டப்பா ஒன்றை ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிப் போனேன். அவன் அம்மாவிடம், "முட்டை, மீன் எதுவும் கொடுத்துடாதம்மா, புண்ணு சீழ் வைக்கும்" என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் என் பேச்சை நம்பி, அங்கே கொடுத்த முட்டையை நாலு நாள் ஒளித்து வைத்திருந்தாராம். விஷயம் தெரிந்து டாக்டர் சத்தம் போட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் முசியே, பாஸ்தர் நிறுவனத்தில் வேலை செய்த மெச்னிகாஃப் பற்றிச் சொல்வார். நட்சத்திர மீனின் குஞ்சு உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவிட்டு, மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தனவாம். கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களின் கதை அங்கே தொடங்கியது. 1908-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

பெரிய தீக்காயத்தில் இந்த வெள்ளை அணுக்களே தடுமாறிப் போகின்றன. முதலில் உடம்பு அளவுக்கு மீறிக் கொதிக்கிறது. பிறகு எதிர்ப்பு சக்தி படுத்துவிடுகிறது. தோல் என்ற மதில் சுவரும் இல்லை. முதல் சில நாட்களைத் தாண்டியவர்களில் பலர் நெருப்பால் சாவதில்லை, கிருமியால் சாகிறார்கள்.

இதைத் திருப்பிக் கொடுக்கும் மந்திர மருந்து இன்றுவரை இல்லை. குளூட்டமைன் என்ற சத்தின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. பல நாடுகளில் சுமார் 1,200 பேரிடம் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அதைக் கொடுத்ததால் நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. அதற்கே அந்தக் கதி என்றால் என் டப்பா எம்மாத்திரம்!

பலன் தருவது சாதாரண விஷயங்கள்தான். வெந்த தோலைச் சீக்கிரம் அகற்றிப் புண்ணை மூடுவது ஒன்று. தொடுகிறவர் கை கழுவுவது இன்னொன்று. மூன்றாவது சாப்பாடு. பெரிய தீக்காயம் பட்ட உடம்பு, சும்மா படுத்திருக்கும்போதே ஏறக்குறைய இரண்டு மடங்கு எரிசக்தியைச் செலவழிக்கும். வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் தன் சதையையே தின்னும். அமெரிக்காவில் 1980-இல் அலெக்சாண்டர் என்ற அறுவை மருத்துவர் குழு, கடும் தீக்காயம் பட்ட 18 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புரதம் கூடுதலாகக் கொடுத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் கிருமி இருந்த நாட்கள் குறைவு, பிழைத்தவர்களும் அதிகம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம் பத்தியம் இதற்கு நேர் எதிராக அல்லவா போகிறது? டாக்டர் வேண்டாம் என்றால் ஒழிய, முட்டை, மீன், பருப்பு எதையும் நிறுத்தக் கூடாது. பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாகப் போய்ப் படுக்கையைச் சூழ்ந்து நிற்பதையும் விட வேண்டும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

சொந்தத் தோல் போதாதவர்களுக்கு, இறந்தவர் தோலைத் தற்காலிகமாகப் போர்த்துகிறார்கள். அடுத்தவர் தோலை உடம்பு ஏன் தள்ளுகிறது என்பதை, போர்க்காலத் தீக்காயங்களை ஆராய்ந்த மெடாவர் 1940-களில் கண்டுபிடித்தார். வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பு சக்தி ஓய்ந்து கிடப்பதால் தீக்காய உடம்பு அதைக் கொஞ்சம் தாமதமாகவே தள்ளுகிறது. அதற்குள் புண் தேறக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள், தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மெல்லிய ஏடு போல எடுப்பார்கள். வீட்டில் இறந்தாலும் கொடுக்கலாம். எழுபது வயதைத் தாண்டியதும் தடையில்லை.

பையன் இப்போது வீட்டில் இருக்கிறான். கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. அவன் அம்மா தினமும் இரண்டு முட்டை அவிக்கிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். என் தோலைக் கொடுக்கச் சொல்லி மகனிடம் பேச்செடுத்தேன். "சாப்பிடுற நேரத்துல என்னப்பா இது" என்று எழுந்து போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.