ஸ்தல ஸ்தாபனமும் நம் பிள்ளைகளும்

ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையை அழைத்து, நாட்டின் பிரதமர் யார் என்று கேட்டால் உடனே பதில் வரும். முதலமைச்சர் பெயரையும் தயங்காமல் சொல்லும். லோக் சபைக்கும் ராஜ்ய சபைக்கும் உள்ள வேறுபாட்டைக்கூட ஒப்பிக்கும். ஆனால், "உன் வீடு எந்த வார்டில் இருக்கிறது? தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்? குப்பை வண்டியை அனுப்புவது யார்?" என்று கேட்டால், பிள்ளை பெற்றோரின் முகத்தைப் பார்க்கும். பெற்றோர் அண்டை வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள். டில்லியில் உள்ள சர்க்காரைத் தெரிந்த பிள்ளைக்குத் தெருமுனையில் உள்ள சர்க்காரைத் தெரியவில்லை. இது பிள்ளையின் குற்றம் அன்று. சொல்லிக்கொடுக்க வேண்டிய நம்முடைய குற்றம்.

பாடப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லாமல் இல்லை. 1992-ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தில் 73-வது, 74-வது திருத்தங்களைச் செய்தது. 1993-ல் அவை அமலுக்கு வந்தன. பஞ்சாயத்துகளுக்கு 29 துறைகளும் நகரசபைகளுக்கு 18 துறைகளும் அட்டவணைகளில் குறிக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரு சபையின் ஆயுள் 5 ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் இவற்றைப் படிக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள்.

பரீட்சைத் தாளில் உள்ளதற்கும் தெருவில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை நமது பெங்களூர் நகரத்துப் பிள்ளைகள் அறிவார்கள். இந்த மாநகராட்சியின் கவுன்சிலர்களுடைய பதவிக் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. பிறகு வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, புதிய சட்டம், நீதிமன்ற வழக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் வந்தன. 198 ஆக இருந்த வார்டுகள் 243 ஆயின. பின்னர் 225 என்றார்கள். 2025-ல் அது 369 ஆனது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்ற அமைப்பு வந்தது. அன்று வரைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்சிலர்கூட இந்த நகரத்தில் இல்லை. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டது. ஒரு கவுன்சிலரின் முழுப் பதவிக் காலம் கவுன்சிலர் இல்லாமலே கழிந்துவிட்டது.

இந்தக் குழந்தை கற்றுக்கொண்ட பாடம் என்ன? சட்டம் என்பது பரீட்சைக்கு எழுதுவதற்காக. காரியம் நடப்பது வேறு வழியில் என்பதுதான். நாம் அஞ்சுவது இந்தப் பாடத்தைத்தான். தேர்தல் எப்போது நடந்தாலும், இடையில் போன ஆண்டுகளில் குழந்தையின் மனத்தில் பதிந்தது எளிதில் அழியாது. முறையான வாசல் அடைத்துக் கிடந்தால் ஜனங்கள் பக்கத்து வாசலைத் தேடுவார்கள். சான்றிதழுக்கு ஒரு தரகர், தண்ணீர் இணைப்புக்கு ஒரு தரகர் என்று அப்பா அலைவதைப் பார்த்து வளரும் பிள்ளை, தரகர்தான் சர்க்கார் என்று நினைத்தால் அதை யாரும் கண்டிக்க முடியாது.

கர்நாடகத்தை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. சென்னை மாநகராட்சி 1973-ல் கலைக்கப்பட்ட பிறகு 1996-ல்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. 23 ஆண்டுகள்! அந்தக் காலத்தில் சென்னையில் பிறந்த குழந்தை, பள்ளிப் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டிருக்கலாம். கவுன்சிலர் என்ற ஒருவரை மட்டும் பார்த்திருக்காது. 2016-க்குப் பின்னரும் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 வரை நடைபெறவில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அதிகாரத்தைக் கீழே இறக்கிவைக்க மனம் வருவதில்லை. கேட்பதற்கு ஜனங்கள் பழகாததே ஆட்சியாளர்களுக்கு வசதியாகிவிட்டது. கேட்கப் பழகுவதை இளமையிலேயே தொடங்க வேண்டும் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வழிகாட்டியும் இதே கர்நாடகத்தில்தான் இருக்கிறது. பஞ்சாயத்து விஷயத்தில் இந்த மாநிலத்துக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அரசியல் சட்டத் திருத்தம் வருவதற்கு முன்பே, 1983-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மண்டல் பஞ்சாயத்துகளையும் ஜில்லா பரிஷத்துகளையும் ஏற்படுத்தி, அவற்றில் நான்கில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது கர்நாடகம். அதற்காகப் பாடுபட்ட அமைச்சர் அப்துல் நசீர் சாபை, கிராமங்களுக்குக் குடிநீர் கொண்டுவந்ததற்காக "நீர் சாப்" என்றே மக்கள் அழைத்தார்கள். அந்த மண்ணில்தான் 1990-களில் குந்தாபுரா தாலுகாவின் கிராமங்களில் "மக்கள பஞ்சாயத்து" தோன்றியது. கன்னடத்தில் "மக்களு" என்றால் குழந்தைகள். குழந்தைகளே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, கிராமப் பஞ்சாயத்தின் முன் தங்கள் தேவைகளை வைத்தார்கள். பள்ளிக்குப் போகும் குழந்தைகள் மட்டும் அல்ல, கூலி வேலைக்குப் போன குழந்தைகளும் அதில் சேர்ந்திருந்தார்கள்.

பின்னர் 2006-ல் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்தும் குழந்தைகளுக்கென்று தனியாகக் கிராம சபை கூட்ட வேண்டும் என்று மாநில அரசே உத்தரவிட்டது. குழந்தைகளைப் பாதிக்கும் விஷயத்தில் அவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தின் 12-வது பிரிவு. அந்த ஒப்பந்தத்தை 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்டது. கர்நாடகம் அதைக் கிராமத்து மரத்தடி வரை கொண்டுவந்திருக்கிறது.

இதன் சிறப்பு என்னவென்றால், பெரியவர்கள் கண்ணில் படாதது குழந்தைகள் கண்ணில் படுகிறது. பெரியவர்களின் சபையில் சாலை, கட்டடம், காண்ட்ராக்ட் என்று பேச்சு போகும். குழந்தைகளின் சபையில் வேறு விஷயங்கள் வரும். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கு வர நடைபாலம் இல்லை என்பார்கள். பள்ளியில் கழிப்பறைக்குக் கதவு இல்லை. பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பார்கள். போகும் வழியில் சாராயக் கடை இருக்கிறது என்பார்கள். இவற்றைத் தலைவரும் அதிகாரியும் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. "ஆகட்டும் பார்க்கலாம்" என்று பெரியவர்களிடம் சொல்லித் தப்பலாம். அடுத்த ஆண்டு அதே குழந்தை எழுந்து நின்று, "போன வருஷம் சொன்னது என்ன ஆயிற்று?" என்று கேட்டால் தப்புவது கடினம்.

இதுவும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு என்பதை மறக்கக் கூடாது. மேடை போட்டு, மாலை போட்டு, அதிகாரிகள் பேசி முடித்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்து அனுப்பிவிட்டால் அது கிராம சபை ஆகாது. பிள்ளைகள் கேட்டது பதிவேட்டில் ஏற வேண்டும். எது முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்ற பதில் எழுத்தில் வர வேண்டும். "முடியாது, பணம் இல்லை" என்ற பதில்கூடக் குழந்தைக்குப் பாடம்தான். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் குழந்தை, நாளைக்கு இலவச வாக்குறுதிகளைக் கேட்டு எளிதில் மயங்காது.

கிராமத்துப் பிள்ளைக்குச் சட்டப்படி கிடைக்கும் இந்த வாய்ப்பு நகரத்துப் பிள்ளைக்கு ஏன் இல்லை? நகரத்தில்தான் இந்தக் கல்வி அதிகம் தேவை. பெங்களூரில் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. அதைப் பார்த்துக்கொள்வது 1964-ல் ஏற்பட்ட குடிநீர், கழிவுநீர் வாரியம். மனைப் பிரிவுகளுக்கு 1976-ல் ஏற்பட்ட வளர்ச்சி ஆணையம். மின்சாரத்துக்கு ஒரு கம்பெனி. பஸ்ஸுக்குத் தனிக் கழகம். சாலையைத் தோண்டியவர் ஒருவர். மூட வேண்டியவர் வேறொருவர். படித்த பெரியவர்களே குழம்பிப்போகும் இந்த அமைப்பைப் படமாக வரைந்து, எதற்கு யார் பொறுப்பு என்று பிள்ளைக்குக் காட்டினால், அது புத்தகத்தில் உள்ள பத்துப் பக்கத்துக்குச் சமம்.

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே தொடங்கலாம். பல பள்ளிகளில் மாணவர் தேர்தல் நடக்கிறது. பிரதம மந்திரி, சுகாதார மந்திரி என்று பட்டங்கள் கொடுக்கிறார்கள். அதன்பின் மந்திரிகளுக்கு வேலை, பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசையை ஒழுங்கு செய்வதுதான். அதற்குப் பதிலாக, விளையாட்டுச் சாமான்களுக்கோ நூலகத்துக்கோ உரிய சிறு தொகை ஒன்றை அவர்கள் பொறுப்பில் விடலாம். எதை வாங்குவது என்று அவர்களே கூடிப் பேசட்டும், வாக்கெடுக்கட்டும், தோற்றவர்கள் முடிவை ஏற்கட்டும். ஆண்டு முடிவில் எல்லோர் முன்னிலையிலும் கணக்குப் படிக்கட்டும். வாக்களிப்பது ஜனநாயகத்தில் ஒரு பாதி. கணக்குக் கேட்பது மறு பாதி.

இந்த இடத்தில் தமிழர்களாகிய நாம் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். குடவோலை முறையைப் பற்றிப் பெருமை பேசாத தமிழ் மேடை இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில், வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் உள்ளன. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழப்பார்கள். இதைச் சொல்கிற நாம், சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அந்த வாய்ப்பு இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே கல்வெட்டில் ஒரு சிறுவனும் வருகிறான். குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் அவன்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பாலகன் ஆதலால் அவன் கை நடுநிலை தவறாது என்று கருதினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு அது சரியாக இருந்திருக்கலாம். இன்று நமக்கு வேண்டியது குடத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்த பிள்ளைகள்.

"பள்ளிக்கூடத்தில் அரசியல் நுழையலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கட்சி அரசியல் நுழையக் கூடாது. அதில் நமக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கட்சி வேறு, ஆட்சி முறை வேறு. யாருக்கு வாக்களிப்பது என்று கற்றுக்கொடுப்பது பிரசாரம். மனு எழுதுவது எப்படி, சபை கூடுவது எப்போது, பட்ஜெட்டை எங்கே பார்ப்பது என்று கற்றுக்கொடுப்பது கல்வி. இரண்டையும் ஒன்றாக்கிப் பயந்து, கல்வியைத் தள்ளிவைத்தால், பிள்ளைகள் பிரசாரத்தை மட்டும் தெருவில் கற்றுக்கொள்வார்கள்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம்மவர்களில் எத்தனை பேர் இந்தக் கூட்டங்களுக்குப் போகிறார்கள்? "எனக்குக் கன்னடம் எழுத வராது" என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. அந்த வீட்டிலேயே கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருக்கிறது. பிள்ளை மனுவை எழுதட்டும், அம்மா கையெழுத்துப் போடட்டும். இருவரும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போய், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வரட்டும். இதனால் தமிழ் குறைந்துபோகாது. ஊர் மொழியில் உரிமையைக் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் ஊரில் மதிப்பு.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கோலார் தங்கவயலிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. சென்னைக் கோட்டையில் நடப்பதெல்லாம் திண்ணையில் அலசப்படும். சொந்த வார்டில் நடப்பது தெரியாது. தமிழ்நாட்டு அரசியலில் ஆர்வம் வைப்பது தவறு அன்று. ஆனால் நாம் குடிக்கும் தண்ணீர், நம் பிள்ளை நடக்கும் தெரு, நாம் கட்டும் வரி எல்லாம் இங்கே இருக்கின்றன. "இது அவர்கள் ஊர், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அப்பா சொன்னால், இங்கேயே பிறந்த பிள்ளைக்கு எந்த ஊர் சொந்தம்?

ஆகவே அரசை நாம் கேட்டுக்கொள்வது மூன்று. உள்ளாட்சித் தேர்தல்களைச் சட்டம் சொல்லும் காலத்தில் நடத்துவதே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் குடிமைப் பாடம். கிராமத்துக் குழந்தைகளுக்கு உள்ள கிராம சபையைப் போல நகரத்திலும் வார்டுதோறும் குழந்தைகள் சபை கூட்டப்பட வேண்டும். அதில் கேட்கும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். சபைக் கூட்டங்களைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்க மாணவர்களை அழைத்துச் செல்லப் பள்ளிகளுக்கு அனுமதி வேண்டும். சத்தமும் சச்சரவுமாக இருந்தாலும் பார்க்கட்டும். யார் வேலை செய்கிறார், யார் தூங்குகிறார் என்று குழந்தைகள் சரியாகவே கண்டுகொள்வார்கள்.

தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டிமன்றமும் இசை விழாவும் நடக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தங்கள் பகுதிப் பிள்ளைகளைக் கூட்டி வார்டு வரைபடத்தைப் பிரித்துவைத்து ஒரு மணி நேரம் பேசட்டும். வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது 1989-ல். பதினெட்டாம் பிறந்தநாளில் வாக்குரிமை தானாக வந்துவிடும். அதைப் பயன்படுத்தும் அறிவு அப்படித் தானாக வருவதில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் வீடும் பள்ளியும் ஊரும் சேர்ந்து கொடுக்க வேண்டியது அது. கொடுக்கத் தவறினால், நாளைய ஆட்சியைக் குறைகூறும் உரிமை நமக்கு இருக்காது.